இடைவேளை மணி அடித்தால் எங்கே போவது? கூச்சமும் படிப்புமாக இருக்கிற பிள்ளைக்கு

யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரிய நூலகராக இருக்கிறேன். புது ஆறாம் தரம் வந்து சேருகிற காலத்தில், இடைவேளை மணி அடித்த கொஞ்ச நேரத்துக்குள் ஒன்றிரண்டு பிள்ளைகள் தனித்தனியே வந்து நூலக வாசலில் நிற்பார்கள். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் சோதனையில் நல்ல புள்ளி எடுத்து, ஊர்ப் பள்ளிக்கூடத்தை விட்டுப் பெரிய பள்ளிக்கூடத்துக்கு வந்தவர்கள். றாக்கையில் இருந்து ஒரு புத்தகத்தை இழுத்து, ஒரே பக்கத்தைத் திறந்தபடி அடுத்த மணி வரை வைத்திருப்பார்கள். என்ன வாசிக்கிறீர் பிள்ளை என்று கேட்டால், அட்டையைத் திருப்பிப் பார்த்துத்தான் பதில் வரும்.

நானும் அப்படி நின்ற பிள்ளை. 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வோடு தென்மராட்சிக்குப் போய், அடுத்த வருஷம் ஊர் திரும்பி, புதுப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் ஆண்டில் சேர்ந்தேன். பழைய வகுப்புச் சிநேகிதிகளில் சிலர் வன்னியில், சிலர் கொழும்பில், சிலர் எங்கே என்றே தெரியாது. தடித்த கண்ணாடி போட்டிருந்தேன். கணக்கும் விஞ்ஞானமும் நன்றாக ஓடும். ஆனால் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தொண்டை அடைத்துக்கொள்ளும். "உவள் அமசடக்கி" என்று பின் வாங்கில் சொல்வது எனக்குக் கேட்கும்.

அந்த வயதில் எனக்கு யாரும் சொல்லித் தராதவற்றையும், இப்போது நூலக மேசையில் இருந்து பார்த்துப் பிடித்துக்கொண்டவற்றையும் எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது ஒன்றுதான். கூச்சத்தைப் போக்கிவிட்டுத்தான் சிநேகிதம் தேட வேண்டும் என்றில்லை. கையில் ஒரு வேலை இருக்கட்டும். ஆக்கள் அந்த வேலையைத் தேடி வருவார்கள், கதை தானாக வரும்.

முதலில் இடைவேளை

பாடவேளையில் எங்களுக்குப் பிரச்சினை இல்லை. ரீச்சர் கேட்பா, பதில் தெரியும், எழுதக் கொப்பி இருக்கும். மணி அடித்த பிறகு வருகிற அந்த இருபது நிமிஷம்தான் மலைபோல் நிற்கும். ஒரு கூட்டம் வேப்பமரத்தடிக்குப் போகும், ஒரு கூட்டம் தண்ணீர் பைப்படிக்கு, ஒரு கூட்டம் சிற்றுண்டிச்சாலைக்கு. எந்தக் கூட்டத்தோடு போவது என்று யோசித்து முடிக்கும்போது வகுப்பு வெறுமையாகிவிடும்.

தனியே இருந்து வாசிப்பதில் பிழையே இல்லை. ஆசையாக வாசிக்கிற பிள்ளை வருஷம் முழுக்க வாசிக்கட்டும், அதைக் குழப்ப ஒருவருக்கும் உரிமையில்லை. ஆனால் ஒளிந்துகொள்வதற்காகப் புத்தகத்தைப் பிடித்தால் எழுத்தும் மண்டையில் ஏறாது, மனமும் ஆறாது. உங்களுக்கு நடப்பது இதில் எது என்பது உங்களுக்குத்தான் தெரியும். இரண்டாவது என்றால், இடைவேளைக்கு ஒரு பொறுப்பைத் தேடிக்கொள்ளுங்கள்.

எங்கே கிடைக்கும்? எந்தப் பள்ளிக்கூடத்திலும் கை காணாமல் கிடக்கிற இடங்கள் உண்டு. நூலகத்தில் அட்டை கழன்ற புத்தகங்கள். விஞ்ஞான ஆய்வுகூடத்தில் பெயர்ச்சீட்டு மங்கின போத்தல்கள். வாடிப்போன பூச்சாடிகள். போன தவணைச் செய்தியோடு நிற்கிற அறிவித்தல் பலகை. அதற்குப் பொறுப்பான ரீச்சரிடம் இடைவேளைச் சந்தடியில் போகாதீர்கள். பள்ளிக்கூடம் விட்ட பிறகோ, காலையில் மணி அடிக்க முதலோ, அவர் தனியே இருக்கிற நேரமாகப் பாருங்கள். கேட்க வேண்டியது ஒரே ஒரு வசனம்: "ரீச்சர், இடைவேளையில வந்து உங்களுக்கு ஏதும் செய்து தரட்டோ?" வீட்டில் ஒருக்கால் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போங்கள். வாய் திறக்கவே வராதென்றால் ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். எனக்கு அப்படித் துண்டு கொண்டுவந்து தந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒருவரையும் திருப்பி அனுப்பியதில்லை.

எனக்குக் கிடைத்தது புத்தகம் ஒட்டுகிற வேலை. அப்போதிருந்த நூலக ரீச்சர் கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்து, அடுப்பில் துழாவிப் பசை காய்ச்சிக் கொண்டுவருவா. பூச்சி அரிக்காமல் இருக்க அதில் துளி மயில்துத்தம் கலந்திருக்கும். அது நஞ்சு, கையை வடிவாகக் கழுவிப்போட்டுத்தான் சாப்பிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் சொல்லுவா. புத்தக முதுகில் பழைய பசையைக் கரண்டியால் மெல்லச் சுரண்டி எடுக்க வேண்டும். பிறகு வெள்ளைச் சீலைத் துண்டை அளவாக வெட்டி, பசை பூசி, முதுகின் நடுவில் வைத்து இரண்டு பக்கமும் விரலால் நீவிவிட வேண்டும். காற்றுக் குமிழ் நின்றால் காய்ந்த பிறகு அந்த இடம் கிளம்பிவிடும். நீவும்போது சீலை நகராமல் யாராவது அடிமட்டத்தை அழுத்திப் பிடித்தால் நல்லது. அப்படிப் பிடிக்க வந்தவள் வேறு வகுப்புப் பிள்ளை, அவளும் வாய் திறக்காத ரகம். முதல் நாட்களில் "கொஞ்சம் இஞ்சால", "காணும்" என்பதுதான் எங்கள் முழுக் கதையும். பிறகு ஒட்டுகிற புத்தகத்தில் ஒரு படம் கண்ணில் படும், அதைப்பற்றி ஒரு வார்த்தை வரும். அடுத்த தவணைக்குள் அவளுடைய வீட்டுக் கிணற்றடியில் நிற்கிற நாவல் மரம் வரைக்கும் எனக்குத் தெரிந்துவிட்டது. இன்றும் அவள் என் சிநேகிதி.

அதில் இருந்து நான் படித்தது இது. முகத்துக்கு முகம் பார்த்துக் கதைக்க எங்களைப் போன்றவர்களுக்கு வராது. பக்கத்தில் பக்கத்தில் இருந்து, இரண்டு பேருமே மூன்றாவது ஒரு பொருளைப் பார்த்தபடி என்றால் வரும். ஆகவே சிநேகிதம் பிடிக்க நினைக்கிற இடத்தில் கண்ணுக்கும் கைக்கும் ஏதாவது இருக்கும்படி பாருங்கள். சதுரங்கப் பலகை, வரைபடம், கோலம், விதை முளைக்கப் போட்ட சிரட்டை, எதுவானாலும் சரி.

நூலகத்துக்கே வருவதென்றால் டூயி தசமப் பகுப்பு எண்களைக் கொஞ்சம் பழகிக்கொள்ளுங்கள். 500 விஞ்ஞானம், 510 கணிதம், 520 வானியல், தமிழ் இலக்கியம் 894.811. மற்றவர்கள் புத்தகத்தைத் தேடித் தடவிக்கொண்டு நிற்கும்போது நேரே போய் எடுத்துக் கொடுக்கலாம். அடுத்த முறை அவர்கள் உங்களைத் தேடி வருவார்கள். அந்த நேரம் நீங்கள் கதை தொடங்கத் தேவையே இல்லை, கேள்வி அவர்களுடையது.

சாப்பாட்டைப் பற்றி ஒன்று மட்டும். எந்த வேலை இருந்தாலும் முதலில் சாப்பிடுங்கள், இயன்றால் வகுப்பில் இருந்து சாப்பிடுங்கள். மாங்காய்க் காலத்தில் உப்பும் தூளும் போட்ட மாங்காய்த் துண்டு ஒரு பெட்டி கொண்டுபோனால், வாங்கைச் சுற்றி ஆக்கள் நிற்பார்கள். கொடுப்பதற்கு வாய் வேண்டியதில்லை.

கொப்பி கேட்டு வருகிறவர்கள்

கெட்டிக்காரி என்று பெயர் எடுத்தால் காலையில் வீட்டுவேலைக் கொப்பி கேட்டு ஆக்கள் வருவார்கள். தனிமையில் இருக்கிற பிள்ளைக்கு அது இனிக்கும், யாரோ தேடி வருகிறார்களே என்று. இதில் கவனம் வேண்டும். கொப்பிக்கு வருகிறவர்கள் கொப்பியோடு போய்விடுவார்கள். மறுத்தால் பகை வரும் என்ற பயமும் இருக்கும். நான் கண்ட நடுவழி, "கொப்பி தரமாட்டன், சொல்லித் தாறன், வா" என்பதுதான். வேண்டாம் என்று போகிறவர் போகட்டும். இருக்கிறவர் உங்கள் ஆள்.

சொல்லிக் கொடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. கேத்திரகணித நிறுவல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், இருசமபக்க முக்கோணியில் சமபக்கங்களுக்கு எதிரான கோணங்கள் சமன் என்பது. நீங்கள் முதல் வரியில் இருந்து கடைசி வரி வரை விறுவிறென்று எழுதிக் காட்டினால், பார்க்கிறவருக்குத் தன்னை மொக்கு என்று தோன்றும், பிறகு வரமாட்டார். பென்சிலை அவர் கையில் கொடுங்கள். "உச்சியில இருந்து நடுவால ஒரு கோடு கீறினால் என்ன வரும்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பேசாமல் இருப்பது எங்களுக்குக் கைவந்த கலை, அது இங்கே பெரிய உதவி. இரண்டு முக்கோணிகள் ஒருங்கிசைகின்றன என்று அவர் தானே பிடித்ததும் முகம் மலருமே, அந்த மலர்ச்சியில் உங்களுக்கும் பங்கு உண்டு.

இதோடு சேர்த்து இன்னொன்று சொல்ல வேண்டும். நிறைய வாசித்த பிள்ளைகளுக்கு மற்றவர் சொல்வதில் பிழை இருந்தால் உடனே காதில் குத்தும். சூரியன் பூமிக்குக் கிட்ட வருவதால்தான் வெயில் காலம் வருகிறதென்று ஒருத்தி கதையின் நடுவில் சொல்லிவிட்டால், திருத்தாமல் இருக்க முடியாது. திருத்துங்கள், ஆனால் அவளுடைய கதை முடிந்த பிறகு, அவள் தனியே இருக்கும்போது. சபையில் திருத்தினால் சூரியன் நினைவில் நிற்காது, அவமானம்தான் நிற்கும்.

இல்ல விளையாட்டுப் போட்டி

ஓட வராத, பாய வராத பிள்ளைகளுக்கு வருஷத் தொடக்கம் ஒரு சோதனைக் காலம். இல்லங்கள் பிரிப்பார்கள், அணிநடைக்கு ஆள் எடுப்பார்கள், மைதானம் முழுக்கச் சத்தம். வருத்தம் என்று சொல்லி வீட்டில் நிற்க ஆசை வரும். நிற்காதீர்கள். ஒரு போட்டி நடத்த ஓடுகிறவர்களை விட மற்ற வேலைக்குத்தான் ஆள் கூட வேண்டும். நீளம் பாய்தலில் மணலில் பதிந்த அடையாளத்தில் இருந்து பலகை வரை நாடா பிடித்து வாசிக்க ஒருவர் வேண்டும், பாய்ந்தவரின் உடம்பு பட்ட மிகக் கிட்டிய அடையாளத்தில் இருந்துதான் அளக்க வேண்டும் என்று தெரிந்த ஒருவர். புள்ளிப் பட்டியல் கூட்ட ஒருவர் வேண்டும். இல்லச் சோடனைக்குக் கயிறும் கமுகஞ் சிலாகையும் அளந்து, பாரம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று கணக்குப் பார்க்க ஒருவர் வேண்டும். சோடனை வேலை பின்னேரங்களில் நடக்கும், எல்லோரும் பசை கையோடு நிலத்தில் குந்தி இருப்பார்கள். வகுப்பில் ஒரு வருஷம் முழுக்கக் கதைக்காத ஆக்கள் அங்கே கதைப்பார்கள்.

ஆண்பிள்ளைகளுக்கும் இதையே சொல்கிறேன். மார்ச் மாதத்தில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் மோதுகிற வடக்கின் பெரும் போர் வந்தால் ஊர் முழுக்கக் கிரிக்கெட் கதைதான். மட்டையைத் தொடாத தம்பிமார் ஓட்டப் பதிவேடு எழுதப் பழகலாம். ஒவ்வொரு பந்துக்கும் ஒரு குறி, ஒவ்வொரு ஓவருக்கும் ஒரு பெட்டி, கடைசியில் துடுப்பாட்டப் பக்கமும் பந்துவீச்சுப் பக்கமும் ஒத்துவர வேண்டும். எண்களில் மனம் ஊறிய பிள்ளைக்கு அதைவிட நல்ல இருக்கை மைதானத்தில் இல்லை.

மேடை

பேச்சுப் போட்டியில் தொடங்காதீர்கள். தமிழ்த் தினப் போட்டிகளில் கட்டுரை இருக்கிறது, வாசிப்பு இருக்கிறது, பாவோதல் இருக்கிறது. கட்டுரையில் தொடங்கி வாசிப்புக்கு வாருங்கள். வாசிப்பில் சொற்கள் கையில் இருக்கும், மறந்துபோகும் பயம் இல்லை, குரலை மட்டும் பார்த்தால் போதும். காலைப் பிரார்த்தனையில் செய்தி வாசிக்க ஆள் தேடினால் பெயர் கொடுங்கள். இரண்டு சூட்சுமம்: தாளில் எழுதாமல் தடித்த மட்டையில் எழுதுங்கள், கை நடுங்கினாலும் மட்டை படபடக்காது. முதல் வசனத்தை மட்டும் பாடமாக்குங்கள், அது தடங்காமல் வெளியே வந்தால் மூச்சு இடம்பிடித்துவிடும். பழகுவதற்குப் பூட்டிய நூலகம் நல்ல இடம், கேட்டால் திறப்பைத் தருவோம்.

பட்டப்பெயர்

புத்தகப்பூச்சி என்பார்கள், கண்ணாடியைச் சொல்வார்கள், நடையைச் சொல்வார்கள். பாதிக்கு மேல் அடுத்த தவணையில் அவர்களுக்கே மறந்துபோகும். அழுகை வந்தால் அழலாம், அது குற்றமில்லை. ஆனால் எது கேலி, எது கேலி இல்லை என்று பிரிக்கத் தெரிய வேண்டும். கை நீட்டுவது, காசோ சாமானோ பறிப்பது, உடம்பைத் தொடுவது, போனில் படம் எடுத்துப் பரப்புவது, ஒரு கூட்டமாகச் சேர்ந்து நாள்தோறும் ஒதுக்குவது, இவை கேலி இல்லை. வளர்ந்தவர் ஒருவர் செய்தாலும் அப்படியே, ரீச்சராக இருந்தாலும். என்னை வகுப்பின் நடுவில் எழுப்பி நிறுத்தி, நான் திக்குவது போலத் திக்கிக் காட்டிச் சிரித்த ஒருவர் இருந்தார். அதை நான் வீட்டில் சொன்னது பல காலம் கழித்துத்தான். நீங்கள் அன்றைக்கே சொல்லுங்கள். முதலில் சொன்ன ஆள் காதில் போடாவிட்டால் அடுத்த ஆளிடம் போங்கள். அம்மா, வகுப்பாசிரியர், அதிபர், ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர், ஒருவருமில்லாவிட்டால் நூலகர். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1929. மனம் தாங்க முடியாத நிலையில் கதைக்க 1926. இரண்டையும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனைக்கு வராத ஒன்று

சாதாரண தரம் நெருங்கினால் ரியூஷன், உயர்தரத்தில் இன்னும் ரியூஷன், வெட்டுப்புள்ளிக் கதை. படிக்கத்தான் வேண்டும். ஆனால் சோதனைத் தாளில் ஒருநாளும் வராத ஒரு விஷயத்தையும் வைத்திருங்கள். பறவையாகட்டும், பழைய நாணயமாகட்டும், விண்மீனாகட்டும். புள்ளி குறைந்த தவணையில் பிள்ளையை அதுதான் தாங்கிப் பிடிக்கும்.

2010 ஜனவரி 15, பொங்கலுக்கு மறுநாள், கங்கண சூரிய கிரகணம் யாழ்ப்பாணத்துக்கு மேலால் போனது. எங்கள் ஒழுங்கையில் ஒரு தம்பி இருந்தான், யாருடைய முகத்தையும் பார்த்துக் கதைக்கமாட்டான். மத்தியானம் அவன் ஒரு மட்டையில் ஊசியால் ஓட்டை போட்டு, வெள்ளைக் கடதாசியைக் கீழே பிடித்துக்கொண்டு வேலியோரம் நின்றான். சூரியனை நேரே பார்த்தால் கண் போய்விடும் என்று வருகிறவர்களை எல்லாம் மறித்து மறித்துச் சொன்னான். சந்திரன் நடுவுக்கு வந்ததும் "அக்கா, மரத்துக்குக் கீழ பாருங்கோ" என்றான். இலைகளுக்கு இடையால் விழுந்த ஒவ்வொரு வெளிச்சப் பொட்டும் ஒவ்வொரு மோதிரமாக நிலத்தில் கிடந்தது. ஒவ்வோர் இடைவெளியும் ஒவ்வோர் ஊசி ஓட்டை என்று அவன்தான் விளங்கப்படுத்தினான். கிட்டத்தட்டப் பத்து நிமிஷம் அந்த வளையங்கள் நின்றன. அவ்வளவு நேரமும் ஒழுங்கைச் சனம் அவனைச் சுற்றி நின்று கேட்டது, அவன் ஒரு தடங்கலும் இல்லாமல் பதில் சொன்னான்.

அப்படியான விஷயத்துக்குத் தீனி வேண்டும். யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குப் போங்கள். 1981 இல் ஏறத்தாழ 97,000 புத்தகங்களோடு எரிக்கப்பட்ட இடம். அது மீண்டும் எழும்பி நின்று கதவு திறந்தபோது நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். அங்கே மணிக்கணக்கில் வாய் திறக்காமல் இருக்கலாம், ஒருவரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். ஊரில் சனசமூக நிலையத்து வாசிகசாலை இருக்கும். எங்கள் காலத்தில் பெண்பிள்ளைகள் போவது குறைவு, நான் அப்பாவின் சைக்கிளில் போய் அவருக்குப் பக்கத்தில் இருந்து பேப்பர் பார்ப்பேன். போனில் என்றால் நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகம், 2005 இல் தொடங்கியது. ஈழத்துப் புத்தகங்களும் சஞ்சிகைகளும் பழைய பாடசாலை மலர்களும் இலவசமாகக் கிடக்கின்றன. உங்கள் பள்ளிக்கூடத்து மலர் இருக்கிறதா என்று தேடுங்கள். உங்கள் ரீச்சர் பிள்ளையாக இருந்தபோது எழுதின கவிதை அகப்பட்டால், அவவோடு கதைக்க ஒரு வருஷத்துக்குக் காணும்.

அம்மா அப்பாவுக்கு

விருந்தினர் முன்னால் "இவள் ஒருத்தரோடையும் கதைக்கமாட்டாள்" என்று சொல்லாதீர்கள். பிள்ளை வாய் திறக்க ஆயத்தமாக இருந்தாலும் அந்த வசனத்துக்குப் பிறகு திறக்காது. பக்கத்து வீட்டுப் பிள்ளையை உதாரணம் காட்டாதீர்கள். பிள்ளை பள்ளிக்கூடத்தால் வந்ததும் "இண்டைக்கு ஆரோட கதைச்சனி?" என்று விசாரிக்க வேண்டாம். "இண்டைக்கு என்ன செய்தனி?" என்று கேட்டால் பதில் வரும், அந்தப் பதிலுக்குள் ஆட்களின் பெயரும் வரும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் மச்சான் மச்சாள்மார் வந்து இறங்குவார்கள். அப்போது பிள்ளையைக் கூப்பிட்டு நடுவீட்டில் நிறுத்தி இங்கிலீசில் கதை என்று சொல்லாமல், அவர்களுக்குக் கோயில் வீதியைக் காட்டிக்கொண்டு வா என்று அனுப்பிவிடுங்கள். வழி தெரிந்தவள் அவள்தான், அவர்கள் கேட்பார்கள், அவள் சொல்லுவாள். ஐஸ்கிரீமுக்குக் காசையும் அவள் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.